ஏறும் நேரம், இறங்கும் நேரம்

9 மே 1967

ஆசிரியர்களுக்கான கோடை விடுமுறை கம்ப்யூட்டர் வகுப்பில் இன்று கட்டக் கணக்கு. கம்ப்யூட்டர் இருப்பது சென்னையில். கொடைக்கானலில் நாங்கள் அதற்கான கட்டளைகளைத் தாளில் எழுதிக் கொடுப்போம். அங்கே அட்டையில் துளை போட்டு ஓட்டி, விடையைப் பார்சலில் அனுப்புவார்கள்.

வத்தலக்குண்டிலிருந்து கொடை வரை ஐந்து ஊர். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பஸ் எவ்வளவு நேரம்? முதல் எண் புறப்படும் ஊர், இரண்டாவது எண் சேரும் ஊர். கட்டம் முழுவதையும் நிரப்பி அச்சடிக்க வேண்டும். நான் பாதியைத்தான் எழுதினேன். இரண்டு எண்களையும் மாற்றிப் போடச் சொன்னால் மறுபாதியை மிஷினே நிரப்பிக்கொள்ளுமே!

பக்கத்தில் பள்ளங்கி கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வேலுமணி, ஒவ்வொரு கட்டமாக எழுதிக்கொண்டிருந்தார். "ஏன் சார் இப்படி மாடா ஒழைக்கிறீங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கு இவ்வளவுதாங்க டீச்சர் வருது."

நன்றாக எழுதும் ஒருவரைச் சென்னைக்கு, அந்த மிஷினிலேயே வேலைக்கு எடுப்பார்களாம். நான்தான் போவேன். வேறு யார்?

16 மே

விடை வந்தது. ஐயோ.

வகுப்பு எடுக்கும் புரொபசர் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். "மலை ஏறவும் இறங்கவும் ஒரே நேரமாம்மா? இது பஸ்ஸா, ஏரோப்ளேனா?" வகுப்பே கொல்லென்று சிரித்தது.

மாதம் தவறாமல் அப்பாவைப் பார்க்க அந்தப் பஸ்ஸில்தான் வத்தலக்குண்டு போய் வருகிறேன். ஏறும்போது முக்கி முனகி ஏறும், இறங்கும்போது வெரசா வந்துவிடும். தெரியாதா எனக்கு? மலையிலேயே பிறந்த கழுதை நான்.

வேலுமணியின் விடை சரி. அவர் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

17 மே

சோறு இறங்கவில்லை.

18 மே

நாளைக்குள் திருத்திக் கொடுக்கலாமாம். ஆனால் ஊருக்கு ஊர் இறங்கும் நேரம் எத்தனை நிமிஷம் என்று கேட்டால்? பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறவள் நான்.

வேலுமணி தானாக வந்து ஒரு தாளை நீட்டினார். "கண்டக்டர்கிட்ட விசாரிச்சு வச்சதுங்க டீச்சர். பாத்து எழுதிக்கங்க."

வாங்கிக்கொண்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை.

26 மே

இம்முறை என் விடை சரி. "நேரமெல்லாம் நீங்களே அலைஞ்சு விசாரிச்சீங்களா? பலே! சென்னைக்கு உங்க பேரைத்தான் எழுதலாம்னு இருக்கேன்" என்றார் புரொபசர்.

நான் – தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். வேலுமணி குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீ. என்ன ஜென்மம்டீ நீ, சண்முகவள்ளி? அன்னிக்கு எல்லாரும் சிரிச்சதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். இது தாங்கலையே.

27 மே

வகுப்பில் எழுந்து நின்றேன். "அந்த நேரமெல்லாம் வேலுமணி சார் விசாரிச்சது, சார். நான் பாத்து எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் புரொபசர். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

4 ஜூன்

வேலுமணி இன்று அந்த மிஷின் வேலைக்குச் சென்னை புறப்பட்டார். வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சர்" என்றார், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

"எலுமிச்சம்பழம் வச்சிருக்கீங்களா? வளைவுல கொமட்டுமே" – இதைத்தான் என் வாய் கேட்டது.

"இல்லீங்களே."

கடைக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கூடவே ஓடி, பழத்தை அவர் கையில் திணித்தேன். ஏதோ சொன்னார், இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.