ஆர்.சி.யில் இன்னும் அப்பா பேர்

பாளையங்கோட்டை,
வெள்ளி இரவு.

கர்த்தருக்குள் பிரியமான எபி அண்ணனுக்கு, தங்கச்சி ஜெமிமா எழுதுவது. ஒசூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க ஜெபிக்கிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன் எப்போதும் அப்பா கையில், பேசினாலும் ஸ்பீக்கரில்தான். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அம்மா தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு பிரிஸில்லா அக்கா நாளை ஒசூர் வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுவேன்.

நம் பழைய ஆம்னி வேனை ஈஸ்டருக்கு முன்னால் பாக்கியசீலன் மாமாவுக்குக் கொடுத்தோமே, சபைக்கு மைக் செட் கட்டுகிறாரே அவர்தான். போதகர் ஐயா வண்டி முன்னால் நின்று ஜெபம் பண்ணி, சாவியை மாமா கையில் வைத்தார். அதோடு வியாபாரம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்துவிட்டோம். அப்பா பேர் மாற்றும் ஃபாரங்களில் தேதிகூடப் போடாமல் கையெழுத்து மட்டும் போட்டார், சபை ஆளுகளுக்குள்ள என்னத்துக்கு ரசீது என்று சிரித்தார். மாமா அதை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீவைகுண்டம் பக்கம் நடவு முடித்து ரோட்டோரமாய் வந்த சுடலைவடிவு என்ற அக்கா மேல் மாமா வண்டியை மோதிவிட்டார். அக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. வண்டி நம்பரைப் பார்த்துப் போலீஸ் வந்தது நம் வீட்டுக்கு. யார் ஓட்டியது என்று திங்கட்கிழமை அப்பா ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்க வேண்டும்.

நேற்று மாமா வந்தார். அவருக்கு லைசென்ஸ் முடிந்து வருஷக்கணக்காகிறதாம். அண்ணாச்சி, நீங்கதான் ஓட்டுனியன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், லைசென்ஸ் உள்ள ஆளுன்னா இன்சூரன்ஸ்காரன் அடிபட்ட அந்தப் பிள்ளைக்குச் சட்டுன்னு பணம் குடுத்துருவான் என்று அழுதார். அம்மா விடவில்லை. அன்னைக்கு இவுக பள்ளிக்கூடத்துல பரீட்சை ஹால்ல நின்னுக்கிட்டு இருந்தாக, நீரு காணிக்கைத் தட்டுல பொய்யைப் போடச் சொல்லுதீரா வே என்று கேட்டாள். மாமா தலையைத் தொங்கப் போட்டார். அப்பாவோ பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். அவர் தினமும் சாயந்தரம் ஆஸ்பத்திரிக்கு பிரெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு போகிறார், திரும்பி வந்து சாப்பிடுவதில்லை. அந்த அக்காவுக்காகத்தான் அவர் சம்மதித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

என்னோடு படிக்கிற சித்ரலேகாவின் அம்மா வக்கீல். வேறு யார் வீட்டிலோ நடந்த மாதிரி அவர்களிடம் கேட்டேன். சாவி யார் கையில் இருந்தாலும் வண்டியின் பதிவுப் புத்தகமான ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான் கோர்ட்டுக்குச் சொந்தக்காரர் என்றார்கள். ஆனால் ஓட்டாதவர் ஓட்டினேன் என்று எழுதிக்கொடுத்தால் அது தனிக் குற்றம், ஜெயிலும் உண்டு, வாத்தியார் என்றால் வேலைக்கே ஆபத்து என்றார்கள். உண்மையைச் சொன்னாலும் இன்சூரன்ஸ் முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்தக்காரரிடம் வசூலிக்கும்படி கோர்ட் பெரும்பாலும் சொல்லுமாம். நமக்குக் கஷ்டம்தான் அண்ணே, ஆனால் அப்பா நம்மோடு இருப்பார். இதை நான் சொன்னால் சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார். நீ சொன்னால் கேட்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒசூரில் உன் சபைக்காரர் பழைய ஆல்டோவை மலிவாய்த் தருகிறார், பேர் பைய மாத்திக்கலாம் என்கிறார் என்று நீ போனில் சொன்னாயே, அதைப் பற்றி. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று முதலில் பார். வண்டி மேல் கடன் இருந்தால் பேங்கிலிருந்து தடையில்லாக் கடிதம் வாங்கித் தரச் சொல். நெட்டில் வண்டி நம்பரைப் போட்டுப் பழைய அபராதம் நிற்கிறதா என்றும் பார். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று கேள். சாவி வாங்குகிற அன்றைக்கே தேதியும் நேரமும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், பேரும் இன்சூரன்சும் உன் பேருக்கு மாறாமல் ரோட்டில் எடுக்காதே. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மழையில் வேகமாய் ஓட்டாதே.

நீ ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் வந்துவிடு அண்ணே. நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம், சும்மா லீவு கிடைத்தது என்று வா. ஆண்டவர் உன்னைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்ப்பாராக. அம்மா உனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருவாள்.

அப்பா இன்னும் தூங்கவில்லை. முன்னறையில் இருட்டில் உட்கார்ந்து, திங்கட்கிழமை சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறார். ஒரு தடவைகூட முழுசாய்ச் சொல்ல வரவில்லை அவருக்கு. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உன் தங்கச்சி,
அ. ஜெமிமா