இரண்டாவது வரி அவருடையது

ஜூன் 3, செவ்வாய்

காஸ் சிலிண்டர் மாற்றினேன். பால்காரரிடம் அளவைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்குப் பால் தொண்டையில் இறங்குவது இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது.

பேச்சுப்பெட்டி இன்றும் ஆறரைக்கே அணைந்துவிட்டது. தொண்டை ஆபரேஷனில் அவருக்குக் குரல் போனபின் மகள் செய்துகொடுத்த பெட்டி. உள்ளங்கை அளவுதான், கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். எழுத்தைத் தொட்டால் வார்த்தை சேரும், அடியில் தட்டினால் பேசும். அவர் குரலிலேயே பேசும். துணிக்கடையிலிருந்து எனக்குப் போனில் அனுப்பிய பழைய குரல் செய்திகளை எல்லாம் கேட்டுக் கேட்டு அந்தக் குரலைக் கொண்டுவந்திருக்கிறாள். வாயாலேயே பிழைத்த மனிதர். வேட்டி வாங்க வந்தவருக்குக் குடும்பத்துக்கே துணி கட்டிக் கொடுத்து அனுப்புவார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து மாலைப் பிரார்த்தனையில் முதல் வரி நான், இரண்டாவது வரி அவர். இன்று அவர் வரி வரவேண்டிய இடத்தில் திரை கறுத்தது. உதட்டை மட்டும் அசைத்தார். நான் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். நானே சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. அது என்னுடைய வரி இல்லையே.

ஜூன் 5, வியாழன்

மகளிடம் போனில் சொன்னேன். அவள் பல்கலைக்கழகத்தில் செய்யும் ஆராய்ச்சியே இதுதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ப்ராசஸர் எந்த வேலைக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கிற சூத்திரம். மாடல் என்கிறாள். அந்தக் கணிப்பைப் பார்த்துத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் எந்த வேலையை எப்போது, எந்த வேகத்தில் செய்வது என்று முடிவெடுக்குமாம். நான் எட்டாவதோடு நின்றவள். அவளுடைய பழைய பாடப்புத்தகங்களை அகராதியோடு உட்கார்ந்து படித்ததில் பாதி புரிகிறது. மீதியைக் கேட்க எனக்கு வெட்கம் இல்லை.

"அடுப்புல தீயைக் கூட்டினா சீக்கிரம் கொதிக்கும், ஆனா காஸும் கூடப் போகும்ல? அதே கதைதாம்மா. அப்பா காத்திருக்க வேண்டாத அளவுக்கு வேகம் இருந்தாப் போதும். அதுக்கு மேல வேண்டாம்."

"உள்ள எத்தனை பர்னர்?"

"நாலு. ரெண்டு பெருசு, ரெண்டு சின்னது. குரலைப் பெருசுல செய்யறோம். எழுத்தைக் காட்டறதைச் சின்னதுல."

அவள் மாடல்படி பெட்டி படுக்கப் போகிறவரை தாங்க வேண்டுமாம். ஆறரைக்கே போகிறது என்றால் மாடலில் எங்கேயோ ஓட்டை என்றாள். பெரிய பேட்டரி போடேன் என்றேன். "தையல் போட்ட கழுத்தும்மா, கனம் தாங்காது." சார்ஜ் ஏறும்போது பேசவைக்கவும் முடியாது. சூடாகிவிடும் என்று அவளே அப்படித் தடுத்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 6, வெள்ளி

இன்றும் பாதியில் நின்றது. ஆண்டவனுக்குப் பாதிப் பிரார்த்தனை போதுமோ என்னவோ. எனக்குப் போதவில்லை.

ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினாலே எனக்குப் பொறுக்காது. இனிமேல் அவர் பேப்பர் படிக்கும்போதும், கண்ணயரும்போதும் பெட்டியை அணைத்து வைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். கேட்கும்போது போட்டுக் கொடுத்தால் போகிறது. சிறுகச் சிறுக மிஞ்சினால் மாலைக்கு ஆகும்.

ஜூன் 8, ஞாயிறு

மகள் இரண்டு வழி சொன்னாள். இரண்டுமே நடக்கவில்லை.

முதல் வழி, பகலில் அவர் குரல் வேண்டாம், மெஷின் குரல் போதும், அதற்குச் செலவு கொஞ்சம்தான் என்பது. போட்டுப் பார்த்தோம். அவர் தட்டியதும் தகரத்தை உரசுகிற மாதிரி ஒரு குரல், "கணக்குப்பிள்ளை, டீ" என்றது. என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஆனாலும் நான் திரும்பவே இல்லை. வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே பழைய குரலுக்கு மாற்றித் தட்டினார். "அந்த ஆளுக்கு டீ கிடைக்காது போல. நான் கேட்டா கிடைக்குமா?"

இரண்டாவது வழி: பிரார்த்தனை வரிகள் மாறப்போவதில்லையே, அவளுடைய கம்ப்யூட்டரிலேயே அவற்றை அவர் குரலில் செய்து பெட்டியில் போட்டுவிட்டால் மாலையில் ஒரு தட்டு தட்டினால் போதும். செலவே இல்லை.

"என்னைக்கோ செஞ்சு வச்சதை இன்னைக்குப் போட்டா அது பிரார்த்தனையா, டேப்பா?" என்றேன்.

"அம்மா, ஆண்டவனுக்கு வித்தியாசம் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாதுன்னா அப்புறம் யாருக்குடி தெரியும்?"

 பிறகு, "சரிம்மா. ஓட்டையையே தேடறேன்" என்றாள். பாவம், பிடிவாதத்தில் என்னைக் கொண்டிருக்கிறாள், வேலையில் அவள் அப்பாவை.

ஜூன் 10, செவ்வாய்

நாத்தனார் வந்திருந்தாள். பெட்டியை அணைத்து அலமாரியில் வைத்திருந்தேன். அண்ணனைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. மறைக்க வாயைத் திறந்தாள்.

"வாழ்நாள் பூரா இவர் பேச நீங்க கேட்டீங்க. இப்பதான் உங்களுக்கு விடுதலை அண்ணி."

அவர் கையை நீட்டினார், பெட்டிக்கு. பதில் தயாராக இருந்தது அவர் கண்ணிலேயே தெரிந்தது. நான் ஓடிப்போய்ப் போட்டேன். அது விழித்து எழுவதற்குள் நாத்தனார் மாமியார் வீட்டுக் கதைக்குப் போய்விட்டாள். பெட்டி தயாரானபோது அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். வேடிக்கைப் பேச்சுக்கு ஒரு நேரம் உண்டு. அது கடந்துவிட்டது.

அணைத்து வைக்கிறேனே, அப்படியும் ஆறரைக்கு மேல் போகவில்லை. முன்னைவிடச் சீக்கிரம் போகிற மாதிரிகூட இருக்கிறது. பேட்டரி பழசாகிவிட்டதோ?

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வேண்டுமா, தலையாட்டல். வலிக்கிறதா, தலையாட்டல். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? என்மேல் கோபமா? இல்லை, அந்தப் பெட்டியே வெறுத்துப் போய்விட்டதா? சலித்துப் போனால் மனுஷன் உள்ளே போய்விடுவான், கூப்பிட்டாலும் வரமாட்டான் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. மத்தியானம் அடுக்களையில் நின்று அழுதேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான். தண்ணீர் வீணாகிறதே என்று பாதியில் மூடினேன்.

மாலை. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தோம். முதல் வரி சொன்னேன். அவர் நிதானமாக எழுத்தெழுத்தாகத் தொட்டார். இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது நான். நான்காவது அவர். அப்படியே முக்கால்வாசி வரை வந்து, ஒரு வார்த்தையின் நடுவில் திரை கறுத்தது.

அப்போதுதான் புரிந்தது. நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார். எனக்காக.

கோபம் இல்லையே என்று ஒரு நிமிஷம்தான் சந்தோஷப்பட்டேன். பகலெல்லாம் ஊமையாக இருந்து சாயங்காலம் எனக்கு நாலு வரி — இந்த ஏற்பாடு எனக்கு வேண்டாம். யார் கேட்டார்கள்? நான்தான் கேட்டேன். வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டிருக்கிறேன்.

மகளுக்குப் போன் செய்தேன். "அந்த டேப்பையே போட்டுக் குடு" என்றேன்.

"இரும்மா. ஞாயித்துக்கிழமை வரேன்."

ஜூன் 15, ஞாயிறு

வந்தாள். பை நிறைய வயர், ஒரு மீட்டர், லேப்டாப். அப்பாவின் தலையைக் கலைத்துவிட்டுப் பெட்டியோடு உட்கார்ந்தாள். பெட்டி தான் செய்ததையெல்லாம் தானே எழுதி வைத்துக்கொள்ளுமாம். அதைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"இது ஏன் ஒரு நாள்ல இத்தனை தடவை ஆஃப் ஆகி ஆன் ஆயிருக்கு? கரன்ட் தொடர்பு லூஸா?"

"நான்தான். சும்மாதானே எரிஞ்சிட்டு இருந்துச்சு."

"அம்மா... ஒவ்வொரு தடவை போடும்போதும் அது முதல்லேருந்து எல்லாத்தையும் ஏத்தணும். அந்தச் செலவுல அரை மணி நேரம் சும்மாவே இருந்திருக்கலாம்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் குரலைச் சேமிப்பதாக நினைத்து நானே கொட்டிக் கவிழ்த்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வேடிக்கைப் பேச்சையும் சேர்த்து. அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அதுதான் இன்னும் வலித்தது.

ஆனால் நான் அணைக்க ஆரம்பித்தது ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னாலும் ஆறரைதானே? இதைச் சொன்னேன். மகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அதான் எனக்கும் புரியல."

ஜூன் 16, திங்கள்

இன்று பெட்டியை யாரும் அணைக்கவில்லை. அவர் மத்தியானம் தூங்கியபோது வழக்கம்போல் சார்ஜில் மட்டும் போட்டோம். மாலையில் அளக்க வேண்டுமே என்று பகலில் அவரும் அதிகம் தட்டவில்லை.

மாலை, பெட்டியைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் முன்னால் மேசைமேல் வைத்து மீட்டரை மாட்டினாள். பிரார்த்தனையை ஆரம்பித்தோம். அவளும் கைகூப்பி உட்கார்ந்தாள். ஆனால் ஒரு கண் ஆண்டவனுக்கு, ஒரு கண் லேப்டாப்பில் மின்சாரச் செலவைக் காட்டி ஓடுகிற கோட்டுக்கு. அவர் ஓர் எழுத்தைத் தொட்டார், கோடு எகிறி விழுந்தது. அடுத்த எழுத்தை யோசித்துத் தொட்டார், மறுபடி எகிறியது. அவள் வாயைத் திறக்கப் போனாள். நான் முறைத்தேன். பிரார்த்தனையின் நடுவில் பேசக்கூடாது. மூடிக்கொண்டாள்.

முடிந்த அடுத்த நொடியே வெடித்துவிட்டாள்.

"ஒவ்வொரு எழுத்துக்கும் தூங்கி எழுந்திருக்குதும்மா. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல சும்மாதானே இருக்குன்னு ப்ராசஸரை ஆழ்ந்த தூக்கத்துக்கு அனுப்பற மாதிரி வச்சிருக்கேன். அதை எழுப்பற செலவு என் மாடல்லயே இல்ல. என் விரலாலயே தட்டித் தட்டிச் சோதிச்சேனா, அந்த வேகத்துல அது தூங்கவே இல்ல. எனக்குத் தெரியவும் இல்ல. அப்பா விரல் நிதானம். அதுலயும் பிரார்த்தனையில ரொம்ப நிதானம்."

"நான் பெட்டியை அணைச்சு அணைச்சுப் போட்ட மாதிரி."

"அதேதான். நீ கையால பண்ணின, நான் சூத்திரத்தால பண்ணினேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் நிதானமாகத் தட்டினார். எழுத்துக்கு எழுத்து கோடு எகிறியது. "அம்மாவும் பொண்ணும் நல்ல சிக்க—"

அதோடு பெட்டி அணைந்தது. மூவரும் சிரித்தோம். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் குலுங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தோள் அப்படிக் குலுங்கி நான் பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மகள் கிளம்பிவிட்டாள். ஆராய்ச்சியில் ஓர் அத்தியாயத்தையே திருப்பி எழுத வேண்டுமாம். வருத்தமா என்று கேட்டேன். "என் விரலுக்கு எழுதின அத்தியாயம்மா அது. போகட்டும்" என்றாள்.

அடுத்த எழுத்து வரப்போகிறது என்று தெரிந்தால் ப்ராசஸர் ஆழ்ந்து தூங்காமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு இருக்க வேண்டும். உண்மையாகவே அவர் ஓய்வெடுக்கும்போது ஆழ்ந்து தூங்கலாம். எது எப்போது என்று தெரிய அவருடைய நிதானத்தை அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காக இந்த வாரம் அவர் எதையும் மிச்சம் பிடிக்காமல் இஷ்டத்துக்குப் பேச வேண்டும், ஆறரைக்கு நின்றாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இஷ்டத்துக்குப் பேச அவருக்குச் சொல்லியா தர வேண்டும்?

ஜூன் 20, வெள்ளி

பேசுகிறார். பேசுகிறார். பேசுகிறார். ஒரே புடவையை அக்காவுக்கும் தங்கைக்கும் தனித்தனியாக விற்ற கதை, மறுபடி. மாலையில் இரண்டாவது வரி இல்லை. இன்று அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அவர் வரியின் இடத்தில் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன், உதடு அசைந்து முடிகிறவரை. பிறகுதான் என் வரிக்குப் போனேன். அன்றைக்கே இப்படிச் செய்திருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

புது மாடல் வந்தது. மகள் போனில் சொல்லச் சொல்ல நானே பெட்டியில் ஏற்றினேன்.  ஏறும்போது கையெடுத்துக் கும்பிட்டதை அவர் பார்த்துவிட்டார். பேச முடிந்திருந்தால் கிண்டல் செய்திருப்பார். பேச முடிந்ததும் செய்தார்.

ஆறரை தாண்டியது. கடைசி வரி மட்டும் கிடைக்கவில்லை. மகளிடம் சொன்னேன். "இன்னும் கத்துக்குதும்மா, நாலு நாள் குடு."

ஜூன் 29, ஞாயிறு

காலையில் பால்காரர் வாசலில் நின்றபோது அவரே போய், "பழைய அளவே போடுங்க. அவ குறைச்சா நீங்க குறைச்சிடுவீங்களா?" என்றார். பால்காரர் என்னைத் தேடினார், நான் எங்கேயோ உள்ளிருந்து பேசவைக்கிறேன் என்று நினைத்து. பிறகு அந்தக் குரலைக் கண்டுகொண்டு, "அண்ணே, நீங்களா?" என்றார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பால் காய்ச்ச நேரமாயிற்று. ஆகட்டும்.

மத்தியானம் நாத்தனார் போனில் வந்தாள். அவளுக்கு அந்தப் பழைய பதிலைச் சொன்னார். "உங்க அண்ணிக்கு விடுதலையா? நான் பேசாத நாள்ல கூட அவ காதை என் பக்கம்தான் வச்சிருந்தா." நேரம் கடந்த பேச்சுதான். அவள் சிரித்துவிட்டு உடனே அழுதாள்.

பகலெல்லாம் இப்படிச் செலவழித்தாரே, மாலைக்கு என்ன ஆகுமோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். கேட்கவில்லை. முகத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்தோம். முதல் வரி நான். அவர் விரல் அதன் நிதானத்தில் போயிற்று. நானும் காத்திருந்தேன், பெட்டியும் காத்திருந்தது. இரண்டாவது வரி. நான்காவது. கடைசி வரி அவருடையது. முழுதாக வந்தது.

திரையைப் பார்த்தேன். சார்ஜ் இன்னும் இருந்தது. ஏதாவது சொல்வார் என்று இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பழைய நாட்களிலும் பிரார்த்தனை முடிந்தால் கொஞ்ச நேரம் இப்படித்தான் சும்மா இருப்பார், அத்தனை பேசுகிறவர். அதை மறந்தே போயிருந்தேன்.

பேசவில்லையே, சும்மாதானே எரிகிறது என்று என் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. பழக்கம். அவர் பிடித்துக்கொண்டார். அணைக்காதே என்று தடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். கையை இழுத்தேன்.

விடவில்லை.