தலையில் வைத்த மல்லிகை

நேற்று கூரியரில் கனமான ஒரு புத்தகம் வந்தது. உறையைப் பிரித்ததும் நீ கூடத்துக்குள் வந்துவிட்டாய். நீ போனதிலிருந்து எந்தக் கதவைத் திறந்தாலும் வராதவள், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து வந்தாய். நம் கம்பெனியின் வரலாறாம். வழவழப்பான தாள், நிறையப் படங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் நீ செய்த மல்லிகை வாசனையைப் பூசி அனுப்பியிருக்கிறார்கள். தேய்த்தால் இன்னும் மணக்கும் என்று ஓரத்தில் போட்டிருக்கிறது. நான் தேய்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாட்டுக்கொட்டகை ஒன்றில் சந்தன எண்ணெய் டின்களோடு தொடங்கிய கம்பெனி அது. ஊதுபத்திக்காரர்களுக்கு மணமும், பிஸ்கட்காரர்களுக்கு ஏலக்காயும், இருமல் மருந்துக்கு வாழைப்பழமும் கலந்து கொடுத்து, இன்று மைசூரின் ஹெப்பாள் பக்கம் கண்ணாடிக் கட்டிடமாக நிற்கிறது. நீ ஆய்வுக்கூடத்தில் வாசனை கலந்தாய். நான் ஆபீஸில் அவற்றுக்கு வர்ணனை எழுதினேன். நீ செய்ததை நான் மிகைப்படுத்துவது என்று நமக்குள் வேலை பிரிந்திருந்தது. பல குடும்பங்களில் இது தலைகீழாக இருப்பதாகக் கேள்வி.

மாலையில் ஸ்கூட்டரில் என் பின்னால் நீ உட்கார்ந்தால், அன்று கலந்தது எதுவோ அதுவும் கூட உட்காரும். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் சுற்றுமுற்றும் பலாப்பழம் தேடுவார். சாமுண்டி மலையில் விளக்குகள் ஏறும் நேரம். இன்று எந்தப் பழத்தோடு வீடு போகிறோம் என்று யோசித்தபடி ஓட்டுவேன். அந்தச் சாலை இப்போது அகலமாகிவிட்டது. எதுவும் மணப்பதில்லை.

மாதிரிகளை முகர்ந்து பார்க்கும் நாட்களில் உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏக ஆசாரம். பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடவே கூடாது. உலகத்துக்கு மல்லிகை செய்கிறவர்கள் வெறுந்தலையாய் உட்கார்ந்திருப்பீர்கள். காகிதத் துண்டில் ஒரு வாசனையை முகர்ந்ததும், அடுத்ததை எடுக்கும் முன் சொந்தச் சட்டைக் கையை முகர்வது உங்கள் வழக்கம். நீ அதை வீட்டிலும் செய்வாய். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், சர்ச்சில் பிரசங்கத்துக்கும் காணிக்கைக்கும் நடுவில். என்ன கிறுக்கு இது என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம வாசனை நமக்குத் தெரியாதுங்க. அதனால அதான் பூஜ்யம். அங்கேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்."

அந்த தசராவுக்கு முன் நடந்தது நினைவிருக்கிறதா? நீ கொடுத்த மல்லிகை மாதிரிகளை எல்லோரும் முகர்ந்துகொண்டிருந்தீர்கள். டைப்பிஸ்ட் ரத்னம்மா ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்து, உள்ளே வர அனுமதியில்லாததால், வாசலிலேயே மின்விசிறிக் காற்றில் நின்றாள். கொண்டை நிறைய மல்லிகை. அந்த நேரம் பார்த்து எல்லோர் கையிலும் இருந்தது மூன்றாவது மாதிரி. "இதே! மைசூர் மல்லிகையே!" என்று கூடமே கூவியது. முதலாளி கண்ணை மூடி "ஆஹா" என்றார். பண்டிகை அவசரத்தில் ஊதுபத்தியில் ஏற்றி எரித்துப் பார்க்கும் சோதனையையும் தள்ளிவிட்டார்கள்.

சரக்குப் போய்ச் சேர்ந்ததும் கொள்ளேகால் வியாபாரி நேரில் வந்து நின்றார். "பூவே இல்லீங்க சாமி, பரீ சோப்பு! வெறும் சோப்பைப் பத்த வெச்சு எந்தச் சாமிக்குக் காட்டச் சொல்றீங்க?"

தலையாட்டியவர்கள் எல்லோரும் தலையாட்டியதை மறந்துபோனார்கள். கலந்தவள் நீ ஒருத்திதான் என்பது மட்டும் அனைவர் ஞாபகத்திலும் இருந்தது. வேலை போய்விடும் என்றே நான் நினைத்தேன். நீயோ நேராக ஆபீஸுக்கு வந்து, தட்டச்சு செய்துகொண்டிருந்த ரத்னம்மாவின் பின்னால் குனிந்து நின்றாய்.

"ஏன்க்கா என் தலையை மோந்து பாக்குறீங்க? பேன் எல்லாம் இல்ல, நன்னாணெ!" என்று அவள் கன்னடத்தில் சத்தியம் செய்தாள். ஆபீஸே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. சட்டைக் கையை முகர்ந்தாய், மறுபடி குனிந்தாய்.

அன்று ஸ்கூட்டரில் என் காதருகே சொன்னாய். "இவங்க கேக்குறது பூ இல்லைங்க. தலையில வெச்ச பூ. காலையில வெச்சு, சாயங்காலம் வீட்டுக்கு வர்ற பூ."

பிறகு வாடலும், சூடேறிய தேங்காயெண்ணெயும் நீ அளந்து சேர்த்த மல்லிகைதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. "கொஞ்சம் வேர்வையும் இருக்கு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாய். நான் அதற்கு 'விடியற்காலைப் பனித்துளி' என்று வர்ணனை எழுதினேன்.

இந்த வரலாற்றை முதலில் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். உன் பெயரோடு இதை எழுதிக் கொடுத்தேன். முதலாளி காலமான பின் பொறுப்பேற்ற அவர் மகன் போன் செய்தார்.

"அங்கிள், ஹிஸ்டரின்னா ஒரு கனவு வேணும். அப்பா கனவுல அம்மன் வந்து மல்லிகைச் சரம் கொடுத்தாள்னு போட்டுடலாம்."

"கனவு இருக்கட்டும் தம்பி. கண்டது அவள்னு போட்டுடுங்க."

"ஆன்ட்டி ஸ்டாஃப் அல்லவா அங்கிள்? அதோட, ஹஸ்பண்டே எழுதினா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

நியாயம்தான். கணவன் எழுதினால் பாரபட்சம். அந்தப் புத்தகத்தில் நிறுவனரைப் பற்றிய முன்னுரையை மகனே எழுதியிருக்கிறார். என் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வேறொருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். முதலாளி அன்று "ஆஹா" என்று கண்ணை மூடியது மட்டும் உண்மைதானே, மீதியை அதிலிருந்து நெய்துகொண்டார்கள்.

இன்று காலை அந்தப் பக்கத்தைத் தேய்த்தேன். மேலே கனவு, அம்மன், சரம். கீழிருந்து ரத்னம்மாவின் கொண்டை எழுந்து வந்தது: வாடல், எண்ணெய், கொஞ்சம் வேர்வை. அம்மன் எந்தக் கடையில் தேங்காயெண்ணெய் வாங்கினாள் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. என் பிரதியில் மட்டும், கனவுக்குக் கீழே பேனாவால் உன் பெயரை எழுதி வைத்தேன்.

பிறகு மூக்கு நிறைந்துபோய், பழக்கதோஷத்தில் என் சட்டைக் கையை முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அலமாரியைத் திறந்து உன் சாம்பல்நிற ஸ்வெட்டரின் கையை எடுத்து முகர்ந்தேன். உனக்கு அங்கே எதுவுமே மணந்ததில்லை; எனக்கு நீ மணந்தாய். வர்ணனை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். இதற்கு எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

உன் பூஜ்யம் இது. நான் தினமும் இங்கேயிருந்துதான் மறுபடி ஆரம்பிக்கிறேன்.