குறை இல்லாத ஏழு பேர்

சேசு மரி சூசை
சென்னை, 12-3-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். தபசு காலம் என்று நீங்கள் பட்டினி கிடந்து அண்ணியைப் படுத்த வேண்டாம்.

இண்டூர் டிஸ்பென்சரியில் நோயாளிகளிடம் கேட்டு நிரப்பி நீங்கள் அனுப்பிய நாற்பது கார்டுகளும் வந்தன. ரத்தக் கொதிப்புக்கு ஐந்து மாத்திரை விழுங்கும் வயசாளிகளுக்கு இரண்டே போதும் என்று நான் சொன்னபோது எங்கள் புரொபசர் சிரித்தார். இப்போது சிரிக்கவில்லை. ஏழு பேருக்கு ஐந்து வாரமாகத் தலைசுற்றல் இல்லை, வலி இல்லை, தூக்கம் நன்று. அந்த ஏழு பேரை வைத்துத்தான் என் ஆராய்ச்சியே நிற்கிறது. கம்பவுண்டர் அண்ணன் இருக்க எனக்கென்ன கவலை!

தங்கை,
லூர்து மேரி

இண்டூர், 21-3-1972

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

டாக்டர் லீவு. நான் ஒருவனாகத்தான் அல்லாடுகிறேன். ஆனாலும் உன் கேள்விகளை வரிசை மாறாமல் கேட்கிறேன். அந்த ஏழு பேரும் மலையடிவாரத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் ஒன்றாகவே வருகிறார்கள். இந்த வெயிலிலும் ஒருவரும் தண்ணீர் கேட்பதில்லை. அவர்களில் பெரியம்மாள் என்ற கிழவியின் கை ஜில்லென்று இருந்தது, மாத்திரையைக் குறைத்த குணம்தான் போலும். ஈஸ்டருக்காவது வீட்டுக்கு வந்து சேர்.

மதலைமுத்து

சென்னை, 20-4-1972

அண்ணா,

கட்டுரையில் சேர்க்கப் போட்டோ கேட்டு பெரியம்மாளின் மகன் மாதுவுக்கு எழுதினேன். அம்மா செத்துப்போச்சு என்று பதில் வந்திருக்கிறது. நேற்று வந்த கார்டிலும் அவள் கைநாட்டு இருக்கிறதே! உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பி அனுப்பினீர்களா? அடுத்த மாதம் இருநூறு டாக்டர்கள் முன்னால் இதை வாசிக்கப் போகிறேன். என்னை நம்பி ஊரெல்லாம் மாத்திரையைக் குறைப்பார்களே. திங்கட்கிழமை அவள் வந்தால், எப்போது செத்தாள் என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள்.

லூர்து மேரி

இண்டூர், 24-4-1972

பாப்பா,

பொய் எழுதி உன் பேரைக் கெடுப்பேனா?

இன்று பெரியம்மாள் வந்தாள். நீ சொன்னபடியே கேட்டேன். அவள் முகம் கோணவில்லை.

"மாத்தரயக் கொறச்சீங்களே, அந்த மொத வாரமேங்க. நீங்க கேட்டதுக்கெல்லாம் சரியாத்தானுங்க சொன்னேன். இத நீங்க கேக்கவே இல்லீங்களே."

கார்டில் அதற்கு இடமில்லை, ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கைநாட்டு வைத்து, இரண்டு மாத்திரையையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மற்ற ஆறு பேரும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எதிரில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இவர்களிடமும் கேட்கட்டுமா, வேண்டாமா? உன் பதில் வரும்வரை நிற்பதாகச் சொல்கிறார்கள்.

மதலைமுத்து