பானெட்டில் ஒட்டிய மாதா படம்

எல் ஆல்ட்டோ
ஞாயிறு, செப்டம்பர் 14

அன்பு மகள் நெலிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே பியூனஸ் அயர்ஸில் நீயும் சுகமாக இருக்க கோபகபானா மாதா துணையிருக்கட்டும். இந்த வீட்டில் சுகமில்லாமல் கிடப்பது கார் ஒன்றுதான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ கூப்பிட்டால் போதும், நாலு வருஷமாக உன்னோடு பேசாத அந்தப் பெரிய மனுஷர், உன் அப்பா, வெளியே கிளம்பியவர்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்து, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால்தான் கடிதம். நாளை உன் பெரியம்மா மகன் பஸ்ஸில் அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் அப்பா பழைய கார் ஒன்று வாங்கினார் என்று சொன்னேன் இல்லையா, கருநீலம், நமக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. போன மாதம் ஆசீர்வாதத்துக்காக அதைக் கோபகபானா கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூமாலை, வண்ணக் காகிதப் பொடி, பாதிரியார் தெளித்த தீர்த்தம் எல்லாம் முறைப்படி நடந்தது. எல்லோரும் பீரைச் சக்கரத்துக்கு ஊற்றினால் இவர் பானெட் முழுக்க அபிஷேகமே செய்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரை எடுத்தேன், வாளியைப் பிடுங்கிக்கொண்டார். "கழுவினா ஆசீர்வாதம் போயிரும்டி, ஒன்பது நாளைக்கு யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். இந்த ஒன்பது நாள் கணக்கை எந்தச் சாமி இவர் கனவில் வந்து சொன்னதோ தெரியவில்லை. நம் ஊர் வெயில் உனக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் பார்த்தால் பீரில் நனைந்த காகிதத்தின் சிவப்பும் பச்சையும் பெயிண்டுக்குள் இறங்கி, கார் அம்மை போட்டதுபோல நிற்கிறது. ஆசீர்வாதம் மட்டும் எங்கும் போகவில்லை, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அதோடு விட்டாரா. பக்கத்து வீட்டு காசியானோ, இரும்புக் கேட் செய்கிறவர், தன் இரும்பு ராவும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஆட்டுத்தோல் ஒன்றைக் கட்டி, "பத்து நிமிஷம் வாலெரியோ, கண்ணாடி மாதிரி ஆக்கிரலாம்" என்றார். பத்து நிமிஷம் ஆகவில்லை, நாலே நிமிஷம். ஓரத்தில் மெஷினை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் இரண்டு நிபுணர்களும். புகை வந்தது, நாற்றம் வந்தது, கடைசியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெறும் தகரம் வந்தது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், அந்த இடத்தில் மாதா படம் ஒட்டியிருக்கிறது. பஸ் கண்ணாடியில் ஒட்டுவார்களே, அந்த அளவு. தெருவில் எல்லோரும் "வாலெரியோவுக்கு எவ்வளவு பக்தி" என்கிறார்கள், இவரும் தொப்பியைக் கழற்றித் தலையாட்டுகிறார். எனக்கு உதட்டைக் கடித்து உதடே புண்ணாகிவிட்டது.

இப்போது சொந்தமாகவே பாலிஷ் மெஷின் வாங்கப்போகிறாராம். வியாழனும் ஞாயிறும் சந்தைக்குப் போகிறார், இரண்டு மெஷின்களைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார், இறக்கி வைக்கிறார், வருகிறார். ஒன்று கனமானது, ஒரே இடத்தில் நின்று சுற்றுவது. இன்னொன்று லேசானது, சுற்றிக்கொண்டே ஆடுவது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வீட்டு வாசலில் பாலிஷ் போடுகிறவனுக்கு ஆடுகிறதுதான் நல்லது, அது ஒரே இடத்தைச் சூடாக்காது, பெயிண்டைத் தின்னாது என்று நீ எப்போதோ சொன்னதை என் யோசனைபோலச் சொல்லிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சு போதும், ஓரங்களுக்கு டேப் ஒட்ட வேண்டும், முதலில் ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்க வேண்டும், வெயிலில் செய்யக்கூடாது, ஒன்றையும் விடவில்லை. "சமையக்கட்டுல உக்காந்துக்கிட்டு உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்" என்று கேட்டார். சூப் கொதிக்கும்போது தானாகத் தோன்றியது என்றேன். காசியானோவோ ஆடுகிற மெஷின் பொம்பளைகளுக்கு என்கிறார். தகரம் தெரியத் தேய்த்தது எந்தப் பொம்பளை என்று கேட்டேன், அன்றிலிருந்து நம் வாசல் பக்கம் வருவதில்லை.

இத்தனையும் சிரிப்பதற்குத்தான் எழுதினேன், ஆனால் போன வியாழக்கிழமை நடந்தது சிரிப்பாக இல்லை. நானும் கூடப் போயிருந்தேன். நான் வெங்காயம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இவர் மெஷின் கடைக்காரப் பெண்ணிடம் மெல்ல, "பியூனஸ் அயர்ஸ்ல கார் பெயிண்ட் வேல பாக்குறவங்க எத வெச்சிருப்பாங்கம்மா" என்று கேட்டார். அவளுக்கு எப்படித் தெரியும், பாவம். "தெரியலையே ஐயா, அங்க உங்களுக்கு யாராச்சும் இருந்தா கேளுங்களேன்" என்றாள். மெஷினை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார். "கார் பெயிண்ட் அடிக்கிற பொண்ண எவன்டி கட்டுவான்" என்று சொல்லிவிட்டு, நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று உன்னை பஸ் நிலையத்துக்குக்கூட வந்து வழியனுப்பாத அதே மனுஷர்தான். எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை, நீயும் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வழி முழுக்க என் வெங்காயப் பையையும் அவரே தூக்கி வந்தார். எனக்கு மனது கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காய்ந்த உருளைக்கிழங்கு ஒரு பை அனுப்பியிருக்கிறேன், ஊறவைத்துச் சமை, ரொட்டியைத் தின்றே நாளை ஓட்டாதே. பெயிண்ட் அடிக்கும்போது முகமூடியை மறக்காதே, அது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நகை இல்லை. நீ கையில் எடுத்த வேலையெல்லாம் பளபளக்கட்டும், மாதா உன்னைக் காக்கட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் அம்மா
செனோபியா

நெலிதா, உன் அம்மா ரொட்டி வாங்கப் போயிருக்கிறாள். உறையை இன்னும் ஒட்டவில்லை, படித்துவிட்டேன். அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள், ஆனால் சந்தையில் கேட்டது உண்மை. அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கக் கூடாது, உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். இரண்டில் எதை வாங்கட்டும்? எனக்குத் தெரிந்தவர்களில் இந்த வேலை தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

அப்பா