உடையாத பீங்கான்

786

ராஜபாளையம்
18.7.1993

அன்பு மகன் அபுதாஹிருக்கு அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் தங்கச்சி மாஜிதாவும் மாப்பிள்ளையும் அல்லாஹ் வைத்த வரையில் சுகமாக இருக்கிறோம். அந்த ஷார்ஜா வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறோம். உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மூன்று தடவை எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். மாஜிதாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னார்களாம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி போகிறதும் வருகிறதுமாக இருக்கிறது. கடையில் வேலைக்குக் குறைவில்லை, ஆடி பிறந்துவிட்டதே, சாமி படத்துக்குச் சட்டம் போட ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். டைல்ஸ் கம்பெனியில் கலர்ப்பொடி பறக்கிற இடத்தில் முகமூடி போடாமல் நிற்காதே. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற பிள்ளை தன் மூக்கை மறந்துவிடக் கூடாது.

நம் வீட்டு ஷோகேஸைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மனசு ஆறுதலுக்கு எழுதுகிறேன். என் அத்தா பினாங்கில் கடையைக் கட்டிவிட்டுத் திரும்பியபோது மரப்பெட்டி நிறைய உமி போட்டு அமுக்கிக் கொண்டுவந்தது அம்புட்டும் அதில் இருக்கிறது. நீலப்பூ போட்ட சீனத்து ஜாடி, வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் ஒரு பெண் முகம் தெரிகிற ஜப்பான் கோப்பைகள், சிவப்பு அரக்குப் பூசிய பர்மா வெற்றிலைப் பெட்டி, இங்கிலாந்தில் செய்த ஒரு ஜோடிப் பீங்கான் நாய். தொழுகிற வீட்டில் நாய் முகம் ஆகாது என்று உன் அம்மா கல்யாணமாகி வந்த வாரமே அந்த நாய்கள் இரண்டையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள், இன்று வரைக்கும் அவை சுவரைத்தான் பார்க்கின்றன. நாய்க்குப் பேர்போன ஊரில் வந்து அவமானப்பட வேண்டும் என்று அதுகளின் தலையில் எழுதியிருக்கிறது. இவற்றில் எதையும் யாரும் கேட்டு வந்ததில்லை. வந்ததெல்லாம் முறம் அகலத்துக்கு இருக்கிற அந்தப் பெரிய பீங்கான் தட்டுக்காகத்தான், சிவப்பும் பச்சையும் மினுங்கி, நடுவில் வட்டமாகவும் ஓரத்தில் வரிசையாகவும் கறுப்பில் அரபு எழுத்து எழுதிய பீங்கான். எல்லா ஊரிலும் பள்ளிவாசல் லெப்பை வெள்ளைத் தட்டில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதி, அலசி, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார். இங்கே மட்டும் எழுதவே வேண்டாம், எழுத்தோடேயே சீனாவில் இருந்து வந்திருக்கிறது என்று நம் ஜனங்கள் அதில் தண்ணீரை ஊற்றி, இரவு முழுக்க வைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் குடித்தார்கள். காமாலை என்றால் எலுமிச்சம்பழமும் பிழிந்தார்கள். இன்ன சாதி இன்ன மதம் என்று நாம் யாரையும் கேட்டதில்லை. தேவதானத்தில் இருந்தும் செட்டியார்பட்டியில் இருந்தும் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள், நாமும் ஊற்றிக் கொடுத்தோம்.

நீ போன லீவில் வந்தபோது அதே சாயம் போட்ட, விளிம்பு உடைந்த சின்னக் கிண்ணத்தைக் கேட்டு எடுத்துப் போனாய். பழைய பொருள் மேல் பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். அந்தச் சிவப்பும் பச்சையும் சூளையில் இரண்டாம் தரம் லேசாகச் சுட்டுப் பூசிய சாயம், அதில் காரீயம் நிறைய இருக்கும், புளிப்புப் பட்டால் கரைந்து இறங்கும், பிள்ளைகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும் அது விஷம், கரு தங்காது, இனி ஒருத்தருக்கும் அதில் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம், கிண்ணத்தைச் சுரண்டி மெஷினில் போட்டு ரிசல்ட் வந்ததும் உறுதியாக எழுதுகிறேன் என்றும் எழுதியிருந்தாய். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன் அம்மா ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறாள், நாம் எல்லோரும் செத்தா போய்விட்டோம் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அதற்கும் பதில் எழுதி வைத்திருக்கிறாய், அது வெள்ளீயம், இது வேறே என்று. கரு தங்காது என்ற வரியைத் திரும்பப் படித்தபோதுதான் கடிதத்தை மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். உனக்கு முன்னால் உன் அம்மாவுக்கு இரண்டு தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு தடவையும், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று, முதல் மாதத்தில் இருந்தே தினமும் அந்தப் பீங்கானில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது நான். மூன்றாவது நீ. நீயும், பிறகு மாஜிதாவும் வயிற்றில் இருந்தபோது அவள் ராமநாதபுரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். பீங்கான் இங்கே இருந்தது. இதை எழுதும்போதுதான் எனக்கே ஒழுங்காக நினைவு வருகிறது.

நீ கடை விலாசத்துக்கு எழுதியது நல்லதாகப் போயிற்று. உன் கடிதங்களை நான்தானே உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன், இந்தத் தடவை அந்த இரண்டு பக்கத்தையும் விட்டுவிட்டு வாசித்தேன். என்ன, இம்புட்டுத்தானா எழுதியிருக்கான் என்று கேட்டாள். வேலை அதிகமாம் என்றேன். அவளோ அடுத்த நாளே பீங்கானைத் துணியில் சுற்றிக்கொண்டு மாஜிதாவிடம் போகிறதாக இருந்தாள், பிரசவம் வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும் என்று. நான் என்ன செய்வேன் சொல். அதற்கு ஒரு மரத் தாங்கி செய்ய அளவெடுக்க வேண்டும் என்று காலையில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மத்தியானம் வந்து, கை நழுவி உடைந்துவிட்டது என்று சொன்னேன். உன் அம்மா கத்தவில்லை. நாற்பது வருஷம் கண்ணாடி அறுத்த கையா நழுவிச்சு என்று மட்டும் கேட்டாள். ஷோகேஸில் அது இருந்த இடத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, ‘ரெண்டு பிள்ளை போனப்பவும் நான் பித்துப் பிடிக்காம இருந்தது அதுல தண்ணி குடிச்சுத்தான்’ என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பள்ளிவாசல் லெப்பை விஷயம் கேள்விப்பட்டுச் சாயங்காலம் வந்தார், ஓதுகிற எழுத்து இருந்த பீங்கான், சில்லைக் குப்பையில் போட்டுவிடவில்லையே என்று கேட்டார். அவர் கேட்பார் என்று நான் யோசிக்கவில்லை. பள்ளிவாசல் கிணற்றில் போட்டுவிட்டேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். உண்மையில் பீங்கான் முழுசாகக் கடைப் பரணில், பழைய பெட்ஷீட் சுற்றி, ரசம் போன நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளத்தாய் வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்க்கிற சங்கிலிப்பாண்டியின் சம்சாரம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த பெண்ணுக்குக் காமாலை வந்து நம் வீட்டுத் தண்ணீரில் தேறினாள் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பு கொண்டுவந்து வைப்பாளே, அவள். இப்போது இளையவளுக்கு, நாலு வயசு, காய்ச்சல் தலைக்கு ஏறி வெட்டு வந்து கை கால் இழுத்திருக்கிறது. டாக்டர் உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். டாக்ஸியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஒரே ஒரு வாய் பாய், ஊத்திக் குடுங்க, போயிருதோம் என்றாள். உன் அம்மா என் பக்கத்திலேயே நிற்கிறாள். உடைந்துவிட்டது என்று சொன்னேன். வேறு தட்டில் லெப்பையை எழுதச் சொல்கிறேன், ஐந்து நிமிஷம் என்று கெஞ்சினேன். அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான், போய்விட்டாள். சைக்கிளை எடுத்தால் கடைக்கு நாலு நிமிஷம். எடுத்துவந்து ஒரு வாய் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்குப் பிறகு ஆயிரம் தடவை நினைத்துவிட்டேன். ஒரு வாயில் ஒன்றும் ஆகியிருக்காது என்றும் தோன்றுகிறது. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு விஷம் கொடுக்கவில்லையே என்றும் தோன்றுகிறது. மதுரைக்குப் போன மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை இறந்துபோய்விட்டது.

துக்கம் கேட்க நான் போகவில்லை, கால் வரவில்லை. போன வாரம் அவளே வந்தாள். என்னைத் திட்டத்தான் வருகிறாள், திட்டட்டும், அதுதான் நியாயம் என்று எழுந்து நின்றேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள், அபு. ‘உடைஞ்சிருச்சுன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு விளங்கிருச்சு பாய். எம்பிள்ளைக்குக் குடுப்பினை இல்ல, அதான் அது முந்திக்கிட்டு உடைஞ்சிருக்கு. நீங்க மனசை விட்றாதீக’ என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் உயிரோடு நின்றேன். பிறகு மெதுவாக, ஒரு சில்லு இருந்தால் கொடுங்கள், பெரியவள் கழுத்தில் கட்டிவிடுகிறேன் என்று கேட்டாள். நான் என்னத்தைக் கொடுப்பேன். முழுசாக இருக்கிற பீங்கானை உடைத்துக் கொடுப்பதா, அதைப் பிள்ளை வாயில் வைத்துச் சப்பினால் நீ சொன்னது நடக்காதா. அதற்குள் உன் அம்மா அடுப்படியில் இருந்து வந்து, சில்லெல்லாம் பள்ளிவாசல் கிணற்றில் கிடக்கிறது, அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போ தாயி என்று சொல்லி, அவளோடு கூடவே போய் லெப்பையிடம் கேட்டு ஒரு தூக்குவாளி இறைத்தும் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பத்துப் பேராவது கிணற்றடியில் நிற்கிறார்கள். லெப்பை வாளிக்குப் புதுக் கயிறு வாங்கிப் போட்டிருக்கிறார். உன் அம்மா ஒரு கேன் நிறைய பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மாஜிதாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொதிக்க வைத்துக் குடி என்று மட்டும் நான் மாஜிதாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கிணற்றில் ஒன்றும் கிடையாது என்பது எனக்குத் தெரியும், இப்போது உனக்குத் தெரியும். சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடுவோம் என்று ஒரு நாள் பீங்கானைச் சாக்கில் போட்டுக் கிணறு வரைக்கும் கொண்டுபோனேன். போட்டால் அதில் இருக்கிறது அத்தனையும் இவர்கள் வயிற்றுக்குத்தானே போகும் என்று நினைப்பு வந்து திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். விற்றால் விஷயம் ஊருக்குத் தெரியும். உடைக்கலாம் என்று சுத்தியலை எடுத்தால் நடுவில் இருக்கிற எழுத்து என்னைப் பார்க்கிறது. நீ என்னவோ அந்த எழுத்தே சரியில்லை, அரபு தெரியாத சீனாக்காரன் யாரோ எழுதியதைப் பார்த்துப் படம் மாதிரி வரைந்திருக்கிறான், பாதி எழுத்தைப் படிக்கவே முடியாது என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். தெரியாமல் வரைந்தவன்தான் என்றாலும் பயந்து பயந்து ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறான், ஒரு புள்ளி கூட கோட்டுக்கு வெளியே போகவில்லை. ஓங்கிய கை இறங்கவில்லை. படித்த பிள்ளை நீ, உனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். உன்னைப் படிக்க வைத்தது நான்தான், அதனால் உன்னை நொந்துகொள்ளவும் முடியவில்லை.

லீவில் வரும்போது ஒரு பெரிய தட்டு வாங்கி வரச் சொல்கிறாள் உன் அம்மா. வெறும் வெள்ளையாக வாங்கி வா, பூ வேண்டாம், கலர் வேண்டாம். லெப்பையை எழுதச் சொல்லிக்கொள்கிறோம். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, கேன்டீன் பிடிக்கவில்லை என்றால் நீயே சமைத்துக்கொள், பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வயிற்றைக் காயப்போடாதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவை விடாதே. மாஜிதாவுக்காக துஆ செய். உனக்கு நீண்ட ஆயுளையும் கெடாத உடம்பையும் அல்லாஹ் தர வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. மெஷினில் போட்ட கிண்ணத்துக்கு ரிசல்ட் வந்தால் அதை எனக்கு எழுதாதே, கடைக்கும் எழுதாதே, நேரில் வந்தும் சொல்லாதே. காரீயம் இருக்கிறது என்று வந்தால் உன் அம்மாவோடு ஒரு வீட்டில் இருக்க என்னால் முடியாது. இல்லை என்று வந்தால் வரும் பொங்கலுக்கு வெள்ளத்தாய் கரும்பு கொண்டுவருவாள், ஒரு வாய் தண்ணீரை வீணாக மறுத்த கையை நீட்டி அதை நான் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தா
மு. அல்லா பிச்சை