ரெண்டு சீட்டு, நாலு பிராக்கெட்டு

21-8-1994, ஞாயிறு

காலை பத்தே கால். கழன்ற போல்ட் ஏழு. கழலாதது ஒன்று.

எட்டாவது முழுக்கத் துரு. மண்ணெண்ணெய் ஊற்றினேன், திட்டினேன், கடைசியில் அறுத்தே எடுத்தேன். அப்பாவின் பழைய ஃபியட்டின் முன்சீட்டு இப்போது வாசலில் கிடக்கிறது. சீட்டா அது? பஸ் ஸ்டாண்டு பெஞ்ச். வளைவில் திரும்பினால் ஓட்டுகிறவன் வழுக்கிப் பக்கத்து ஆள் மடிக்குப் போய்விடுவான். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன் வீட்டில் இப்படி ஒரு வண்டியா? ரேஸ் காரில் இருக்கும் பக்கெட் சீட்டைப் போட்டே தீருவது.

அப்பா: "வர்ற ஞாயித்துக்கெழமை அவிநாசில கல்யாணம். அதுக்குள்ள வண்டி ஓடோணும். இல்லீன்னா காரமடை நஞ்சுண்டன் கேட்டுட்டே இருக்கறான், குடுத்துப்போடுவேன்."

ஒரு வாரம். தாராளம்.

22-8, திங்கள்

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தே விட்டது! ரேஸில் உருண்ட காரிலிருந்து இரண்டு பக்கெட் சீட்டு. ஒன்றில் ஃபிரேம் விரிசல், இரண்டிலும் ரெக்சின் கிழிசல். "வண்டி உருண்டும் ஓட்டுனவனுக்கு ஒண்ணும் ஆவலீங்க தம்பி" என்றார் கடைக்காரர் அப்துல் முத்தலிப். அது போதும் எனக்கு.

எங்கள் வீட்டில் போன் இல்லை. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, சீட்டு கெடச்சிருச்சுங்க! ரெண்டு! அம்மாகிட்டச் சொல்லிருங்க." வைத்துவிட்டேன்.

ஆட்டோவில் வந்து இறங்கினால் வாசல் நிறையச் செருப்பு. உள்ளே அம்மா வெல்லமும் பருப்பும் பிசைந்து ஒப்புட்டு தட்டிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி லோகப்பிரியா தலையில் ஒரு கூடை மல்லிகைப்பூ. அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளி, "ரெண்டு காலேஜுலயும் கூப்புட்டுட்டாங்களாமா! நீ எதுக்கு அம்மணி போவே?" என்கிறார்.

அடக் கடவுளே. லோகு பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் சீட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறாள். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் வந்தாயிற்று. இவளுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

நான் ஆட்டோவிலிருந்து கிழிந்த சீட்டு இரண்டையும் இறக்கினேன். எல்லோரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பாதான் கேட்டார்: "இதுல எது சிவிலு, எது மெக்கானிக்கலு?"

லோகு பூவைப் பிடுங்கி என் மேல் வீசிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன தப்பாச் சொன்னேன்? சீட்டைச் சீட்டுன்னுதானே சொல்லோணும்?

23-8, செவ்வாய்

லோகு பேசவில்லை. ஒப்புட்டு தின்றவர்கள் மட்டும் எந்தக் காலேஜ் என்று விசாரிக்கிறார்கள்.

24-8, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான் வேலை பார்க்கும் கம்பெனியின் வெல்டிங் செட்டில் விரிசலை ஒட்டினேன். சீட்டின் அடிக்கால் ஃபியட் தரைத் துளைக்குப் பொருந்தாது. இடையில் கொடுக்க இரும்பு ஆங்கிளில் சீட்டுக்கு இரண்டாக நாலு பிராக்கெட் செய்தேன். நூல் பிசகவில்லை. ஃபோர்மேன் பார்த்துவிட்டார். "இன்னொரு ராடு எரிச்சீன்னா உன்ற சீட்டு கிழிஞ்சிரும், பாத்துக்கோ." ஏற்கெனவே கிழிஞ்சுதான் இருக்குதுங்க என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

25-8, வியாழன்

முத்தலிப் ரெக்சின் தைத்துக் கொடுத்தார். கேட்டது கறுப்பு, வந்தது கிளிப்பச்சை. "கறுப்பு வெயில்ல சுடுமுங்க தம்பி." வேறு கலர் கையிருப்பில்லை என்று எனக்குத் தெரியாதா?

மாட்ட உட்கார்ந்தால் பிராக்கெட் நாலும் காணோம். லோகு கதவில் சாய்ந்து நிற்கிறாள்.

"எனக்குச் சீட்டு வரட்டும். உனக்குப் பிராக்கெட்டு வரும்."

"அது எப்ப வருமோ, யாருக்குடி தெரியும்!"

"அதேதாண்ணா நானும் கேக்கறேன்."

கத்தினேன். அரிசி டிரம், பரண், கோழிக்கூண்டு வரை தேடினேன். ஒரு கோழி கொத்தியதுதான் மிச்சம். புதிதாகச் செய்யலாம் என்றால் ஃபோர்மேன். அம்மாவிடம் முறையிட்டேன். "உன்ற சாமானம் ஊட்டுக்குள்ளதான் எங்கியோ இருக்குது கண்ணு. அவ சீட்டு இருக்குதோ இல்லியோ" என்றாள்.

தபால்காரர் வரும் நேரத்தில் லோகு தினமும் வாசல் கூட்டுகிறாள். கூட்டின வாசலையே.

26-8, வெள்ளி

நஞ்சுண்டன் வந்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, சீட்டே இல்லீங்களே?" என்றான். மொத்த வீடும் அவனை முறைத்தது. காபி குடிக்காமல் போய்விட்டான்.

27-8, சனி

பதினொரு மணிக்கு வாசலில் அலறல். "அம்மா! சீட்டு வந்துருச்சு!"

அடுப்படியிலிருந்து அம்மா: "அதுவும் பச்சையா?"

அரசுக் கல்லூரி. மெக்கானிக்கல். லோகு கடிதத்தை நாலு தடவை படித்தாள். அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே போய் ஃபியட் டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னிக்கு அடியில் நாலு பிராக்கெட். வண்டியிலேயே! நான் தேடாத ஒரே இடம்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நம்பவில்லை. கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இருட்டுவதற்குள் மாட்டிவிட்டேன். லோகு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், கேட்ட சைஸுக்குப் பக்கத்து சைஸாகப் பார்த்து. நான் திட்டவில்லை.

28-8, ஞாயிறு

அவிநாசி போய் வந்தாயிற்று. வளைவில் யாரும் யார் மடிக்கும் போகவில்லை. மண்டப வாசலில்தான் அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் கைக்கொருவராகப் பிடித்து இழுத்தார்கள். வேட்டி தனியே நின்றுவிடப் பார்த்தது. "இது சீட்டா, கெணறா?" என்று கத்தினார். போச்சு, வண்டி நஞ்சுண்டனுக்குத்தான் என்று நினைத்தேன்.

திரும்பும்போது எல்லோருக்கும் முன்னால் வந்து அதிலேயே உட்கார்ந்து, பச்சை ரெக்சினைத் தட்டி, "அப்ப இதுதான் மெக்கானிக்கலு" என்றார். வண்டி விற்கிற பேச்சையே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லோகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஓட்டக் கத்துக் குடுண்ணா. காலேஜுக்கு நானே எடுத்துட்டுப் போறேன்." கிளட்ச் எட்டவில்லை. என் காலை அளந்துதான் துளை போட்டிருந்தேன். வேறு யார் காலையும் அளக்கத் தோன்றவே இல்லை.

இனி செய்ய வேண்டியது:

1. அப்பா தொற்றி எழ, கதவுக்கு மேலே ஒரு கைப்பிடி.

2. போனில் "இருக்கை" என்று மட்டுமே சொல்வது.

3. டிரைவர் சீட்டை நாலு இஞ்ச் முன்னால் தள்ளிப் புதுத் துளை போடுவது. எனக்கு முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். இடிக்கட்டும்.